கூட்டிவிட்ட ஐந்தரை மணி நேரம்

பல்கலைக்கழகத்தில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவள் ஐ.பி. அக்கா. வளாகத்து இணையத்தில் சேரும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் கிடைக்கும். வீட்டு முகவரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் குடியிருப்பவர் மணிக்கொரு தரம்கூட மாறலாம். அந்த எண்ணுக்குத்தான் ஐ.பி. என்று பெயர். எந்த எண் எந்த நேரத்தில் எந்த மாணவனிடம் இருந்தது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவள் வேலை. கேட்பதற்கு உட்கார்ந்த இடத்தில் செய்கிற சுகமான வேலை போலத் தெரியும். அவள் கண்டுபிடித்துச் சொன்ன பெயர்க்காரர்களில் சிலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு விடுதியை விட்டே போயிருக்கிறார்கள். அதனால் மாணவர்கள் அவளைக் கண்டால் வணக்கமும் வைப்பார்கள், இரண்டடி தள்ளியும் நிற்பார்கள்.

அவள் அங்கே வந்தது தட்டச்சு செய்ய. இருபத்தாறு வயதில், சேர்க்கைப் படிவங்களைக் கணினியில் ஏற்றுவதற்கான மூன்று மாத வேலைக்கு வந்தாள். மூன்று மாதம் பதினான்கு வருடம் ஆனது. ஒப்பந்தம் மட்டும் ஒப்பந்தமாகவே இருந்தது. பொறியாளர்கள் வருவார்கள், ஒரு வருடம் இருப்பார்கள், நல்ல இடம் கிடைத்ததும் சொல்லாமல்கூடப் போய்விடுவார்கள். அவர்கள் விட்டுப்போன கையேடுகளைச் சாப்பாட்டு நேரத்தில் படித்துப் படித்தே அவள் தொழிலைக் கற்றுக்கொண்டாள். பட்டம் இல்லை என்ற குறை மட்டும் உள்ளுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அந்தக் குறைக்காகவே அவள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வேலை பார்த்தாள். "பதினாலு வருஷத்துல ஒரு பேரு நான் தப்பா குடுத்ததில்ல" என்று யாராவது கேட்டால் சொல்வாள். கேட்காவிட்டாலும் சொல்வாள்.

புகார் வருகிற விதம் இதுதான். ஒரு மாணவன் அறையில் உட்கார்ந்து புதுப் படத்தை இறக்குகிறான் என்றால், அவன் வாங்கிக்கொள்வதோடு நிற்பதில்லை. இறங்கிய துண்டுகளை அதே நேரத்தில் அவன் கணினி முன்பின் தெரியாத நூறு பேருக்கு அள்ளிக் கொடுக்கிறது. அது பெரும்பாலும் அவனுக்கே தெரியாது. பதிப்புரிமைச் சட்டத்துக்கு முக்கியமாக உறுத்துவது அந்தக் கொடைதான். உரிமையாளரைக் கேட்காமல் நகல் எடுத்ததும் இல்லாமல் ஊருக்கே விநியோகமும் செய்கிறானே! படக் கம்பெனிகளும் பாடப்புத்தகப் பதிப்பாளர்களும் இதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள். அந்த ஆட்கள் கும்பலோடு கும்பலாக நின்று, கொடுக்கிறவர்களின் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு கடிதம் அனுப்புவார்கள். கடிதம் கிடைத்ததும் நடவடிக்கை எடுத்தால் பல்கலைக்கழகம் வழக்கிலிருந்து தப்பிக்கும். ஆகவே விதி எழுதி வைத்திருந்தார்கள்: முதல் புகாருக்கு எச்சரிக்கை, இரண்டாவதற்கு ஒரு மாதம் இணையம் கிடையாது, மூன்றாவதற்கு விடுதியும் போச்சு, அந்த வருடத் தேர்வும் போச்சு.

அவள் வீட்டில் மட்டும் சட்டம் கொடி கட்டிப் பறந்தது என்று நினைக்க வேண்டாம். பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவர், நண்பர்களிடமிருந்து பென் டிரைவில் வாங்கிப் பார்க்காத படம் பாக்கியில்லை. "நீ ஆபீஸ்ல போலீஸ், வீட்ல பப்ளிக்" என்று அவளைக் கிண்டல் செய்வார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து முடிவு வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் திட்டுவாள்.

வேலையில் ஒரே ஒரு நுணுக்கம் உண்டு. கடிதத்தில் நேரம் உலகப் பொது நேரமாக இருக்கும். உள்ளூர்க் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். எந்த எண் யாரிடம் இருந்தது என்பதைக் கணினி தானாகவே எழுதி வைக்கும். அதற்கு லாக் என்று பெயர். கடிதத்தில் ஒன்பது ஐம்பது என்றிருந்தால், அவள் ஐந்தரையைக் கூட்டி, லாக்கில் மதியம் மூன்று இருபதில் தேடுவாள். புதிதாக வரும் பொறியாளர்கள் கூட்ட மறந்துவிடுவார்கள். அவள் ஒருநாளும் மறந்ததில்லை.

அந்த வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவளுடைய சன்னலில் ஒரு சுருட்டைத் தலை தெரிந்தது. கடைசி வருட மாணவன். கூட்டாளிகள் அவனைச் சுருட்டை என்றே கூப்பிடுவார்கள். அவன்மீது மூன்றாவது புகார் வந்திருந்தது, பெயரை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். மதியம் மூன்று மணிக்கு ஒழுங்குக் குழு கூடுகிறது. குழு தலையசைத்தால் சாயங்காலமே அவன் அறையைக் காலி செய்ய வேண்டும். கடைசித் தேர்வுக்கு இன்னும் இருபது நாள்தான் இருந்தது.

"அக்கா, ஒரே ஒரு தடவ திரும்பப் பாருங்களேன்."

"பாத்தாச்சு தம்பி. போய் மூணு மணிக்கு வா."

"முதல் ரெண்டும் நான்தான்க்கா. ஒத்துக்கறேன். நெட்ட கட் பண்ணதுக்கப்புறம் அந்தப் பக்கமே நான் தலை வச்சுப் படுக்கல. இந்த மூணாவது நான் இல்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்தச் சன்னலுக்கு வருகிறவர்கள் எல்லாம் மூன்றும் நான் இல்லை என்றுதான் சாதிப்பார்கள். வைரஸ் வந்தது என்பார்கள், அறைத்தோழன் செய்தான் என்பார்கள். இரண்டை ஒத்துக்கொண்டு ஒன்றை மறுக்கிறவனை அவள் இதுவரை கண்டதில்லை.

"லேப்டாப்ப ஆன்ல போட்டுட்டு வெளிய போயிருப்ப. அது பாட்டுக்கு ஓடியிருக்கும்."

"அன்னைக்கு மூணு இருபதுக்கு நான் லேப் எக்ஸாம்ல இருந்தேன். லேப்டாப் பைக்குள்ள, பை ஹால் வாசல்ல. மூடிக் கிடந்த லேப்டாப் எப்படிக்கா படம் இறக்கும்?"

"லாக் பொய் சொல்லாது தம்பி."

"அப்ப நான் சொல்றேனா?"

குரல் உடைந்துவிட்டது. அவமானம் தாங்காமல் அவன் திரும்பி நடந்தான். அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. காலையிலேயே மனசைக் கெடுத்துவிட்டுப் போகிறானே என்று முனகிக்கொண்டு, குழுவுக்கான காகிதங்களை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

மற்றப் புகார்களுக்கு லாக்கிலிருந்து ஒரு வரியை எடுத்துக் கொடுத்தால் போதும். மூன்றாவது புகாருக்கு மட்டும் அந்த நாளின் முழு லாக்கையும் அச்செடுத்துக் குழுவின் முன் வைக்க வேண்டும் என்பது வழக்கம். யாரும் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கோப்பு கனமாக இருந்தால் தீர்ப்பும் கனமாகத் தெரியும் போலும். அச்சு இயந்திரம் முக்கி முனகி ஒவ்வொரு தாளாகத் தள்ளியது. அடுக்கிக்கொண்டே வந்தவள் ஒரு தாளில் நின்றாள். பத்தரை மணி வரை வரிவரியாக ஓடிய பதிவு சட்டென்று நின்று, பதினொன்று இருபத்திரண்டுக்கு மறுபடி தொடங்கியிருந்தது.

புகாரில் இருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை மின்சாரம் போனது அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. நாலு மணித் தேநீரைக் குடித்துவிட்டு மேலே வரும்போது, லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. கூட மாட்டிக்கொண்ட நூலகத்து அம்மா, இருட்டில் ஐம்பது நிமிடமும் தன் மருமகளைப் பற்றியே பேசித் தீர்த்தார். அந்த ஐம்பது நிமிடத்தை அவள் இந்தப் பிறவியில் மறக்கப்போவதில்லை. மின்சாரம் போனது நாலு மணிக்கு. லாக்கில் போயிருப்பது பத்தரை மணிக்கு.

பத்தரைக்கும் நாலுக்கும் நடுவில் எத்தனை என்று விரல்விட்டு எண்ணினாள். ஐந்தரை. மறுபடி எண்ணினாள்.

லாக் எழுதும் இயந்திரத்துக்குள் நுழைந்து அதன் கடிகாரத்தைப் பார்த்தாள். அது காலை ஐந்து பத்து என்றது. சுவரில் பத்து நாற்பது.

விடுமுறையில் பழைய இயந்திரத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்தார்கள். பழையது உள்ளூர் நேரத்தில் எழுதியது. புதியது உலக நேரத்தில் எழுதுகிறது. கடிதமும் உலக நேரம், லாக்கும் உலக நேரம், கூட்டவே வேண்டியதில்லை. அவளோ மூன்று மாதமாக, ஒரு தடவைகூட மறக்காமல், ஐந்தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பது ஐம்பதில் பார்க்க வேண்டியதை மூன்று இருபதில் பார்த்தாள். ஐந்தரை மணி நேரத்தில் அந்த எண் வேறு கைக்குப் போயிருக்கும். சுருட்டையிடம் அது வந்தது இரவுச் சாப்பாட்டு நேரத்தில். படம் இறங்கியபோது அது இன்னொருவரிடம் இருந்தது.

சரியான வரியில் அந்த இன்னொரு மாணவனின் பெயர் இருந்தது. படித்த உடனேயே அவள் திரையைக் கையால் மறைத்தாள். அறையில் வேறு யாரும் இல்லை.

மூன்று மாதத்தில் அவள் கொடுத்த பெயர்கள் ஒன்பது. பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டரை வரை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்த்தாள். இரண்டு பேர் காலையிலிருந்து இரவு வரை ஒரே எண்ணை வைத்திருந்தார்கள். அந்த இரண்டும் அதிர்ஷ்டத்தால் சரி. ஏழு தப்பு. அந்த ஏழில் ஐவருக்கு வெறும் எச்சரிக்கைக் கடிதம். ஆறாவது சுருட்டை. ஏழாவது பெயரைப் பார்த்ததும் அவள் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

அவனை விடுதியில் நெட்டையன் என்பார்கள். இரண்டு மாதத்துக்கு முன் மூன்றாவது புகாரில் வெளியேற்றப்பட்டவன். அவளுடைய சன்னல் தாழ்வானது; அவன் முட்டி போடாத குறையாகக் குனிந்து உள்ளே பார்த்தான். "நான் இல்லக்கா" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். "எல்லாரும் இதத்தான் சொல்றாங்க" என்று அவள் படிவத்தை நீட்டினாள். அவன் அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அவள் அதற்குப் பிறகு அவனை நினைக்கவே இல்லை. அதுதான் இப்போது அவளை அதிகமாகச் சுட்டது.

கணினி மைய இயக்குநரின் அறைக்கு அவள் போனபோது அவர் மதிய உணவுப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்.

"சார், புது லாக் மெஷின் உலக நேரத்துல ஓடுது."

"ஆமா. விடுமுறையில இருந்தே அப்படித்தான். எல்லாருக்கும் மெயில் போட்டேனே."

"நான் இன்னும் அஞ்சர கூட்டிக்கிட்டு இருக்கேன் சார்."

அவர் வாயில் வைத்ததை மெல்லாமல் அவளைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு, அந்த மெயிலைத் தேடி எடுத்துத் திரையை அவள் பக்கம் திருப்பினார். அதன் அடியில் அவளுடைய பதில் இருந்தது: 'சரி சார், பார்த்துக்கொண்டேன்.' விடுமுறை முடிந்து வந்த அன்று குவிந்து கிடந்த மெயில்களுக்கெல்லாம் அவள் வரிசையாக அதே பதிலைத் தட்டியிருந்தாள். யார்மீதும் பழி போட வழியில்லை. அவள் அதற்கு ஆசைப்பட்டாள் என்பதும் உண்மை.

"எத்தன பேரு?"

"ஏழு பேரு சார். ஒரு பையன் விடுதிய விட்டே போயிட்டான்."

இயக்குநர் எழுந்து கதவைச் சாத்தினார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்தவர்களுக்கே உரிய மென்மையான குரலில் பேசினார்.

"இங்க பாருங்கம்மா. இன்னைக்குக் குழு முன்னாடி இருக்கறது ஒரு கோப்புதான். பதிவுல சந்தேகம் இருக்குன்னு சொல்லிடுவோம். அந்தப் பையன் தப்பிச்சிடுவான். மத்தவங்க யாரும் மேல்முறையீடு பண்ணல. அதத் தோண்டினா, அந்த வெளிய போன பையனோட அப்பா வக்கீலப் பாப்பாரு. கம்பெனிக்காரன் இத்தன நாளா நீங்க எங்களுக்குக் குடுத்த பதில் எல்லாம் பொய்யான்னு கேப்பான்."

"அவன் ஒரு வருஷம் போச்சு சார்."

"உங்க பதினாலு வருஷமும் போகும்மா. உங்க வேலைய நிரந்தரமாக்கற கோப்பு பதிவாளர் மேசைல இருக்கு. திங்கக்கிழமை கையெழுத்து. நாலு நாள் சும்மா இருங்க. நான் கெடுதலுக்குச் சொல்லல."

அவர் கெடுதலுக்குச் சொல்லவில்லைதான்.

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து கணவருக்குப் போன் செய்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் யோசிக்கவே இல்லை. "வாயத் திறக்காத. சார் சொல்றதுதான் சரி. பதினாலு வருஷம் நாய் மாதிரி உழைச்சிருக்க" என்றார். பிறகு வேனை ஓரமாக நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"அந்த வெளிய போன பையன் இப்ப எங்க இருக்கானாம்?"

"தெரியல."

"படிச்சுக்கிட்டு இருக்கானா?"

"தெரியலங்க. நான் கேக்கவே இல்ல."

"சாப்ட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றாள். "சாப்புடு. வெறும் வயித்தோட எதையும் பேசாத" என்று சொல்லி வைத்துவிட்டார். பேசு என்றும் சொல்லவில்லை, பேசாதே என்றும் இரண்டாம் முறை சொல்லவில்லை.

அவள் சாப்பிடவில்லை. மூன்று மணிக்குக் குழு அறையில் நீளமான மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தலைவர் ஒரு சட்டப் பேராசிரியர். காது கேட்காதவர் போலத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார், ஆனால் ஒரு சொல்லையும் தவறவிட மாட்டார். அவருக்கு இருபுறமும் இரண்டு உறுப்பினர்கள். எதிரே இயக்குநர். கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சுருட்டை, இஸ்திரி போட்ட சட்டையில். யாரோ அவனிடம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போ என்று சொல்லியிருக்க வேண்டும்.

தலைவர் கோப்பைத் திறப்பதற்கு முன்பே இயக்குநர் பேசிவிட்டார். "சார், இந்தப் பதிவுல ஒரு தொழில்நுட்பச் சந்தேகம் இருக்கு. இந்தப் புகார நாங்க திரும்ப வாங்கிக்கறோம்."

சுருட்டை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

"சந்தேகம்னா?" என்றார் தலைவர்.

"நேரக் கணக்குல சின்னக் குழப்பம் சார். மெஷின் மாத்தினப்போ வந்தது."

"மெஷின் எப்ப மாத்தினீங்க?"

இயக்குநர் தண்ணீர்க் குவளையை நகர்த்தினார். "விடுமுறையில சார்."

"மூணு மாசம். அப்ப இந்த மூணு மாசத்துல வந்த மத்தப் புகார்? அதுலயும் இந்தக் குழப்பம் உண்டா, இல்ல இது ஒண்ணு மட்டுமா?"

"இது ஒண்ணுதான் சார்."

தலைவர் தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்து, இயக்குநரைத் தாண்டி அவளைப் பார்த்தார். கேள்வி கேட்கவில்லை, வெறுமனே பார்த்தார். பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை, அதைத்தான் இயக்குநர் சொல்லியாகிவிட்டதே. இன்னும் ஒரு நிமிடம் தாக்குப்பிடித்தால் கோப்பு மூடப்படும், பையன் அறைக்குத் திரும்புவான், திங்கட்கிழமை வரும்.

"ஏழு சார்" என்றாள்.

அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏழு பேரு தப்பான பேரு. மெஷின் மேல தப்பில்ல. எனக்கு மெயில் வந்துது, நான் சரியாப் படிக்கல. இந்தத் தம்பி ஒண்ணு. இவருக்கு முன்னாடி இதே அறையில வெளிய அனுப்பின பையன் ஒண்ணு. அவனும் செய்யல."

உறுப்பினர் ஒருவர், "அப்ப செஞ்சது யாரு?" என்று பேனாவை எடுத்தார்.

"பேரு இருக்கு சார். குடுக்க மாட்டேன். வேற ஒருத்தர் உக்காந்து முதல்ல இருந்து சரிபாக்கட்டும், அப்புறம் குடுக்கறேன். என் கண்ணு ஒண்ணு போதாதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

பேனா நின்றது. தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"புகார் வந்தா நடவடிக்கை எடுன்னு நம்ம விதியில எழுதியிருக்கு" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "சரியான ஆள் மேல எடுன்னு எழுதல. அந்த விதிய எழுதின குழுவுல நானும் இருந்தேன். எழுதணும்னு எனக்கும் தோணல."

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சுருட்டைமீதான புகார் ரத்து. ஏழு கோப்புகளும் மறு விசாரணைக்கு. விசாரணை முடியும்வரை அவள் லாக்கைத் தொடக்கூடாது. நிரந்தரக் கோப்பு நிறுத்தி வைக்கப்படும். இதைப் படிக்கும்போது தலைவரின் குரல் தணிந்தது, ஆனால் படித்தார். பாதிக்கப்பட்டவர்களுக்குப் பதிவாளர் அலுவலகம் முறைப்படி பதினைந்து நாளுக்குள் கடிதம் அனுப்பும் என்றும் எழுதிக்கொண்டார்கள்.

நடைக்கூடத்தில் சுருட்டை காத்துக்கொண்டிருந்தான். நன்றி சொல்வான் என்று அவள் எதிர்பார்த்தாளோ என்னவோ. அவன் சொல்லவில்லை.

"அக்கா, நெட்டையனுக்கு யாரு சொல்றது?"

"கடிதம் போகும்பா. பதினஞ்சு நாள்ல."

"பதினஞ்சு நாளா?" என்று அவளை ஏறிட்டுப் பார்த்தான். "அவன் என் பக்கத்து ரூம். அவன் நம்பர் என்கிட்ட இருக்கு."

போனை நீட்டினான். அதில் எண் ஏற்கெனவே அழுத்தப்பட்டு மணி அடித்துக்கொண்டிருந்தது. மறுப்பதற்கு அவளுக்கு நேரம் இல்லை. எடுத்தவனின் குரலுக்குப் பின்னால் இரும்பில் இரும்பு மோதும் சத்தமும், காற்று அடைக்கும் இயந்திரத்தின் இரைச்சலும் கேட்டன.

"டேய், சொல்றா" என்றான் அவன்.

"தம்பி, நான் ஐ.பி. அக்கா பேசறேன்."

அவள் அவசர அவசரமாகச் சொன்னாள்: பெயர் தப்பு, நேரம் தப்பு, தப்பு முழுக்க அவளுடையது, குழுவில் சொல்லியாகிவிட்டது, அவனைத் திரும்பக் கூப்பிடுவார்கள். சொல்லி முடித்தபோது மூச்சு வாங்கியது. அவன் திட்டுவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"அக்கா" என்றான் அவன். "இத எங்க அப்பாகிட்ட சொல்லுவீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டாரு. பக்கத்துலதான் இருக்காரு. அவரு டயர் கடைலதான் இப்ப நான் வேல செய்யறேன்."

"குடு தம்பி."

போன் கைமாறியது. "யாரு?" என்றது ஒரு கனத்த குரல். அவள் தன் வேலை என்ன என்பதிலிருந்து ஆரம்பித்து மறுபடி சொன்னாள். "உங்க பையன் பொய் சொல்லலங்க. அன்னைக்கு நான் இல்லன்னு சொன்னான், அது உண்மை. தப்பு என்னுது. உங்க பையன் பேர எழுதிக் குடுத்தது நான்தான்."

காற்று இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள். அந்த அமைதியில் அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"கம்ப்யூட்டர் சொல்லுது, இவன் இல்லன்னு சொல்றான்" என்றார் மெதுவாக. "நான் கம்ப்யூட்டரத்தான் நம்பினேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"ஏம்மா, கொஞ்சம் இருங்க. வைக்காதீங்க." எங்கோ நகர்ந்து போகிற சத்தம் கேட்டது. யார் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார், வேலையைப் போட்டுவிட்டு வரச் சொன்னார். பிறகு குரல் தூரத்திலிருந்து, கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல வந்தது. "ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். கடைல வேல செய்யற எல்லாரும் இருக்காங்க. இவங்க முன்னாடிதான் அன்னைக்கு இவன நான் கை நீட்டி அடிச்சேன். இப்ப சொன்னத திரும்ப ஒரு தடவ சொல்லுங்கம்மா. சத்தமா சொல்லுங்க."

நடைக்கூடத்தில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, முதலிலிருந்து, சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.